தோட்டச் சாலையிலிருந்து மலைக்காடு வரை: மாரத்தான், அல்ட்ரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் தாப்பா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்க்கிறேன். வேலைக்குக் கிளம்பும் முன்பும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓடுகிறேன். சாலை மாரத்தான்களும் ஓடியிருக்கிறேன், மலைக்காட்டு அல்ட்ராக்களும் ஓடியிருக்கிறேன். பரிசுக்காக ஓடுபவள் இல்லை. ஓட்டம் பிடித்துப்போனதால் ஓடுபவள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பாசாரிலும் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மாரத்தானுக்கும் அல்ட்ராவுக்கும் என்ன வித்தியாசம்?

மாரத்தான் எந்த ஊரில் ஓடினாலும் 42.195 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-இல் உலகத் தடகளச் சம்மேளனம் அதையே நிரந்தரமாக்கியது. அதற்கு மேல் எவ்வளவு ஓடினாலும் அல்ட்ரா. 50 கி.மீ., 100 கி.மீ., 100 மைல் என்று போகும். அல்ட்ரா என்றால் காடுதான் என்றில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கி.மீ., அது சாலை ஓட்டம். மலை ஓட்டங்களில், ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையைச் சுற்றி வரும் யூடிஎம்பி என்ற ஓட்டம் பெயர்பெற்றது. 2003-இல் தொடங்கியது. சுமார் 170 கி.மீ. தூரம், ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 10,000 மீட்டர் வரும்.

ஓடுகிறவருக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மாரத்தானில் ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை காப்பாற்ற வேண்டும். மலை அல்ட்ராவில் வேகம் என்ற பேச்சே கிடையாது. ஏறும்போது நடை, சமதளத்தில் ஓட்டம், இறக்கத்தில் கவனம், நடுவில் சாப்பாடு. அங்கே தூரத்தை மட்டும் பார்த்துப் பெயர் கொடுக்காதீர்கள். 100 மீட்டர் ஏற்றத்தை 1 கி.மீ. கூடுதல் தூரமாகக் கணக்கிடுவது வழக்கம். 50 கி.மீ. ஓட்டத்தில் 2,500 மீட்டர் ஏற்றம் இருந்தால், உங்கள் உடம்புக்கு அது 75 கி.மீ.

அக்கா, காசு கொடுத்து எதற்கு ஓட வேண்டும்? ரோட்டில் சும்மா ஓடினால் ஆகாதா?

தாராளமாக ஓடலாம். என் ஓட்டத்தில் பெரும்பகுதி காசில்லாமல் தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் நடக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத மலையில் வழிகாட்டி அடையாளம் கட்டி, தண்ணீர்ப் பந்தல் போட்டு, மருத்துவ உதவியாளரையும் உட்கார வைத்து, கடைசி ஆள் இறங்கும்வரை ஒரு கூட்டம் காத்திருக்கிறதே, அந்தக் கட்டணம் அதற்குத்தான். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். மாதாமாதம் பதக்கம் சேர்க்கத் தேவையில்லை.

இதுவரை ஓடியதே இல்லை. எப்படித் தொடங்குவது?

மெதுவாக. எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான், கடைசியில் சொல்வதும் இதைத்தான். புதிதாக ஓட வருபவர்கள் முதல் நாளே மூச்சு வாங்க ஓடிவிட்டு, மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒத்துவராதது ஓட்டம் இல்லை, அந்த வேகம்.

பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். முடியவில்லை என்றால் நடங்கள். மூச்சு அடங்கியதும் மறுபடி ஓடுங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். தூரத்தைப் பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் முழுக்க ஓட முடிகிறபோது, வாரத்தில் ஒரு நாளை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது.

இப்படி அடித்தளம் போட்டவருக்கு மாரத்தான் பயிற்சி நான்கைந்து மாதம். அதற்குள் நீண்ட ஓட்டம் 30 கி.மீ. வரை போக வேண்டும். அல்ட்ராவுக்கு ஒரே நாளில் இன்னும் நீட்டுவதைவிட, சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓடுவது நல்லது. களைத்த காலோடு கிளம்பப் பழக அதுதான் வழி.

மாரத்தானில் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் நகராது என்கிறார்களே?

தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து அந்தத் தூரத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. வேகமாக ஓடினால் அது இன்னும் சீக்கிரம் தீரும். மெதுவாக ஓடினால் உடம்பு கொழுப்பையும் கூடவே எரித்துக்கொள்ளும். சம்பளம் வாங்கிய முதல் வாரமே வாரியிறைத்தவர் மாதக் கடைசியில் கடையில் கடன் சொல்லி நிற்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கதைதான் இது. முதல் 10 கி.மீ. "இவ்வளவு மெதுவாகவா?" என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். அப்போதுதான் சரியாக ஓடுகிறீர்கள்.

தோட்டத்தில் எந்த நேரம் ஓடுவது? ஆறரைக்கும் இருட்டாக இருக்கிறதே.

1982 சனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் நமக்குச் சூரியன் ஏழு மணி தாண்டித்தான் எழும்புகிறது. வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில்தான் ஓடியாக வேண்டும். தலைவிளக்கு ஒன்று வாங்குங்கள், ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த சட்டை போடுங்கள். அதில் ஒரு நன்மையும் உண்டு: அல்ட்ராவில் இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில் போகும்போது அது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

தோட்டச் சாலையில் என்னென்ன ஆபத்து?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியூர் ஓட்டக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் இதெல்லாம் வருவதில்லை.

முதலில் அனுமதி. தோட்டம் தனியார் நிலம். காவல் கொட்டகையில் பெயர் சொல்லி, முடிந்தால் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடுங்கள். மருந்து தெளிக்கும் பிளாக் (தோட்டப் பகுதி) எது என்றும் அங்கே சொல்வார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரருக்கு வளைவில் உங்களைத் தெரியாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். வரிசைகளுக்கு நடுவே அடுக்கி வைத்த மட்டைகளை மிதிக்க வேண்டாம். மட்டையின் அடிப்பக்க முள் சப்பாத்தையே துளைக்கும். அந்த அடுக்குக்குள் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். எலியைப் பிடிக்கத்தான் பல தோட்டங்களில் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். நடுச்சாலையில் வெளிச்சம் போட்டு ஓடினால் பாம்பு பெரும்பாலும் தானே விலகிவிடும்.

எலியால் வரும் இன்னொரு வினை லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாகவும் கண், வாய் வழியாகவும் தொற்றும் காய்ச்சல் அது. 2000-இல் சபாவில் நடந்த இக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் ஆற்றில் இறங்கிய வீரர்கள் பலருக்கு இது வந்தது. காலில் காயம் இருந்தால் கட்டுப்போட்டு மூடிக்கொண்டு ஓடுங்கள், கால்வாய்த் தண்ணீரில் முகம் கழுவாதீர்கள். ஓடி முடித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் பக்கம் பார்த்தபடி, குனிந்து கல் எடுப்பதுபோல் செய்தால் பெரும்பாலும் பின்வாங்கும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடாதா?

கல்யாண வீட்டில் தவறாமல் வரும் கேள்வி. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 விழுக்காடு. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களுக்கு மட்டும் 13 விழுக்காட்டுக்கு மேல் போனது. அளவோடு ஓடுவது முட்டிக்கு எதிரி இல்லை. ஏற்கெனவே வீக்கமோ பழைய அடியோ இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. ஓடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே கவலை. 2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் இந்தியர்களிடையே ஏறக்குறைய பத்துப் பேரில் மூன்று பெரியவர்களுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. நம் ஊரில் அது இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

ஓடலாம், நடக்கவும் கட்டாயம் செய்யலாம். ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கிளினிக்கில் மருந்தின் பெயரைக் காட்டி, ஓடப்போவதாகச் சொல்லிக் கேளுங்கள். பையில் எப்போதும் இனிப்பு ஏதாவது வைத்திருங்கள், தனியாக ஓடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது. நெஞ்சு அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால், எந்த நோயும் இல்லாதவராக இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

விலை உயர்ந்த சப்பாத்து வேண்டுமா?

சாலைக்கு ஒரு ஜோடி நல்ல ஓட்டச் சப்பாத்து வாங்குங்கள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுங்கள். இறக்கத்தில் நகம் கறுத்து விழுவது பெரும்பாலும் சப்பாத்து சிறியதாக இருப்பதால்தான்.

சேற்றுக்கும் காட்டுக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, "அடிடாஸ் கம்போங்" என்று எல்லாரும் சொல்வது, பத்துப் பதினைந்து வெள்ளிக்கு இன்றைக்கும் பட்டணத்துக் கடையில் தொங்குகிறது. அடியில் முளை முளையாக இருக்கும், களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் குடித்துக் கனக்காது. மலை ஓட்டங்களில் அதைப் போட்டுக்கொண்டு பலர் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மெத்தை கிடையாது என்பதால் 100 கி.மீ.க்கு எல்லாருக்கும் ஒத்துவராது. சேறு நிறைந்த குறுகிய ஓட்டத்துக்கு அதைப்போல வேறில்லை. நீளமான காலுறையும் கொஞ்சம் வேசலினும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது என்ன சாப்பிடுவது? நான் சைவம்.

மாரத்தானுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. ஜெல் பாக்கெட்டோ பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ எதுவும் சரி. அல்ட்ராவில் இனிப்பு மட்டும் வைத்து ஓட்ட முடியாது. ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் நாக்கு இனிப்பைக் கண்டாலே திரும்பிக்கொள்ளும்.

நான் கொண்டுபோவது புளிச்சாதம். கொஞ்சம் குழைய வடித்து, எண்ணெய் குறைத்து, உப்பு ஒரு சிட்டிகை கூட்டி, கடலையை நசுக்கிப் போட்டு, எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து, தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் முறுக்கி வைப்பேன். ஏற்றத்தில் நடக்கும்போது ஒரு முனையைப் பல்லால் கடித்துத் திறந்து அப்படியே பிதுக்கிச் சாப்பிடலாம், கை அழுக்காகாது. நடுராத்திரியில் அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் வாயில் மறுபடி எச்சில் ஊறும், வயிறும் சமாதானமாகும். அவித்த உருளைக்கிழங்கில் உப்புத் தொட்டுச் சாப்பிடுவதும் நல்லது. பந்தல்களில் பழமும் மெகி நூடுல்ஸும் கிடைக்கலாம். மெகித் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும். எதையும் போட்டி நாளில் முதல்முறையாகச் சாப்பிடாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது?

தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 விழுக்காட்டினருக்கு உப்பு குறைந்திருந்தது, சிலருக்கு ஆபத்தான அளவில். ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் அளவுக்கு அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்தபடியே இருக்கும், அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரோடு 100 பிளஸ் பானமோ உப்பு மாத்திரையோ மாற்றி மாற்றி எடுங்கள்.

வெயிலையும் புகைமூட்டத்தையும் எப்படிச் சமாளிப்பது?

வெயிலை வெல்ல முடியாது, அதனால்தான் இங்கே மாரத்தான்களை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறார்கள். கூட ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல், கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள். குளிர்விப்பதுதான் முதல் சிகிச்சை.

புகைமூட்டத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள். 2015 அக்டோபரில் கோலாலம்பூர் மாரத்தானையே புகைமூட்டத்தால் ரத்து செய்தார்கள்.

பெண்கள் தனியாகக் காட்டில் ஓடுவது சரியா?

தனியாக என்றால் ஆணுக்கும் வேண்டாம் என்பேன். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள், போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆனால் கேட்பவர்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் பாதுகாப்பு மட்டும் இல்லை, "பொம்பளைக்கு எதற்கு இது" என்பதும்தான். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண்ணை ஓட்டத்தின் நடுவிலேயே பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார் ஓர் அதிகாரி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-இல்தான். 2019-இல் பிரிட்டனில் 268 மைல் நீளமுள்ள ஸ்பைன் ரேஸில் ஜாஸ்மின் பாரிஸ் ஆண்கள் அத்தனை பேரையும் முந்தி முதலாவதாக வந்தார். கைக்குழந்தைக்காக வழியில் நிறுத்தித் தாய்ப்பால் எடுத்துவைத்தபடி ஓடியவர் அவர். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போன நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பலம் புதிதா? லெகிங்ஸ் மேல் நீளமான சட்டை போட்டு ஓடுங்கள், சுடிதாரில் ஓடினாலும் ஓடுங்கள். மாதவிலக்கு நாளில் உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், இல்லையென்றால் ஓய்வு.

மலை ஏறிப் பழக எங்கே போவது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் ரிங்லெட்டுக்கு ஏறும் சாலை ஆசை காட்டும். அது குறுகல், வளைவுக்கு வளைவு லோரியும் பஸ்ஸும் வரும், அங்கே ஓடாதீர்கள். தோட்டத்து மேட்டு பிளாக்குகளே போதும். ஒரே மேட்டில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குங்கள். ஏறும்போது உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி நடங்கள். இறங்கும்போது சின்னச் சின்ன அடி வைத்து, கண்ணை மூன்று நான்கு மீட்டர் முன்னால் வையுங்கள். தொடையை உடைப்பது ஏற்றம் இல்லை, இறக்கம். பத்துமலைப் பக்கம் போனால் 272 படிகளும் இருக்கின்றன. கூட்டம் இல்லாத விடியலில், கோயிலுக்குரிய மரியாதையோடு ஏறுங்கள்.

அல்ட்ராவில் ராத்திரி எப்படி இருக்கும்? பயமாக இருக்காதா?

கேமரன் மலையில் தானா ராத்தா என்ற ஊர் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல். பகலில் தேயிலைச் சரிவில் வியர்த்து ஊற்றும், இருட்டியதும் அதே நனைந்த சட்டை முதுகில் பனிக்கட்டியாக ஒட்டும். பாசி படர்ந்த காட்டுக்குள் வேர்கள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும், நடுவில் கறுப்புச் சேறு. ஒரு கிலோமீட்டர் போக அரை மணி நேரம் பிடிக்கும். விளக்கு வெளிச்சத்தில் உங்கள் மூச்சே புகையாகத் தெரியும். அப்படி ஓர் இரவில் என் பின்னாலேயே வந்த ஒரு சீனப் பெரியவர், நான் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். செக்பாயிண்ட்டில் தன் மைலோவில் பாதியை என் கோப்பையில் ஊற்றிவிட்டு, "ஜாலான், ஜாலான்" (நட, நட) என்று எழுப்பிவிட்டார். இந்த ஓட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் துணைதான்.

தூக்கம் கெட்ட பிறகு கல் நாயாகத் தெரியும், மரம் ஆளாகத் தெரியும். பலருக்கும் நடப்பதுதான். செக்பாயிண்ட்டில் பதினைந்து நிமிஷம் கண் மூடினால் தெளியும். சில நிமிஷமாக வழி அடையாளம் கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாதீர்கள், கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்புங்கள்.

கட்டாயப் பொருள்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார்களே, எல்லாம் தேவையா?

எல்லாமே. மழைச் சட்டை, அவசரப் போர்வை, இரண்டு விளக்கு, விசில், கைப்பேசி. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் திடீரென்று குளிர்காற்றும் மழையும் அடித்து 21 பேர் இறந்துபோனார்கள். நம் நாடு வெப்பநாடுதான், ஆனால் நனைந்த உடம்பும் மலைக்காற்றும் களைப்பும் சேர்ந்தால் இங்கேயும் நடுக்கம் பிடிக்கும். எடை குறைக்க வேண்டுமானால் வேறு எதையாவது விட்டுச் செல்லுங்கள்.

அட்டை கடித்தால்?

பிடுங்காதீர்கள். நகத்தால் அதன் வாய்ப்பக்கம் மெல்ல நெம்பித் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுச் செல்வதால் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டாம். கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

வேண்டாம். ஐபுபுரோபன் போன்றவை, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையும் வேண்டாம், பொறுத்துப் பார்க்கவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

கட்-ஆஃப் (கடைசிக் கெடு) நேரத்துக்குள் முடிக்க முடியாவிட்டால் அவமானம் இல்லையா?

இல்லை. செக்பாயிண்ட்டில் சட்டையில் குத்திய எண் அட்டையை ஒப்படைத்துவிட்டு வண்டியில் ஏறி வருவது மலையோட்டத்தில் அன்றாடம் நடப்பது. காயத்தோடு தொடர்ந்து போய், நான்கு பேர் இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்க வைப்பதுதான் தவறு. மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

சரி அக்கா, நானும் வருகிறேன். நாளைக்கு என்ன செய்ய?

இன்றைக்கே ஆபீசில் அனுமதி கேட்டு வையுங்கள். ஒன்பது மணிக்குப் படுங்கள். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், பாதி வாழைப்பழம். தலைவிளக்கு இல்லையென்றால் கைவிளக்கு போதும். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, காவல் கொட்டகையில் பெயர் எழுதிவிட்டு, பதினைந்து நிமிஷம் போய்ப் பதினைந்து நிமிஷத்தில் திரும்புங்கள். மேடு வந்தால் நடங்கள். வழியில் பேச்சு நின்றுபோகிற அளவுக்கு வேகம் கூட்ட வேண்டாம். ஒரு நாள் விட்டு மறுநாள் அதையே செய்யுங்கள்.